உத்திராபதியின் கட்சி

கட்சிக் கொடி நீளம் போதவில்லை. ஒன்றியச் செயலாளர் நல்லதம்பி அதைக் கீழே இழுத்தால் உத்திராபதியின் மார்பு தெரிந்தது; மேலே இழுத்தால் கால் தெரிந்தது. கடைசியில் காலை விட்டுவிட்டார்.

சிந்தாமணி புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உயிரோடு இருந்தவரை அந்தக் கட்சிக்கு ஒரு ஓட்டுப் போடாத மனுஷன். ஊருக்கே தெரியும். அவனுடைய சொந்தக் கட்சிக்காரர்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

அந்தக் கட்சியின் தலைவர் இறந்ததிலிருந்து ஊர் ஊராகச் செத்துக்கொண்டிருந்தார்கள். தீக்குளித்தவன், மருந்து குடித்தவன் என்று பேப்பரில் தினமும் பேர் வந்தது. அரியலூரைச் சுற்றி எல்லா ஊரிலும் அப்படிச் செத்தவன் ஒருவன் இருக்க, தன் ஊரில் மட்டும் இல்லையே என்று நல்லதம்பிக்கு மனக்குறை. இன்று காலை அது தீர்ந்தது.

உத்திராபதியின் அண்ணன் இளையபெருமாள் அவளருகே குனிந்தார்.

"தலைவரு போனத தாங்காமத்தான் மருந்தக் குடிச்சான்னு சொல்லிடு சிந்தாமணி. போலீச கட்சிக்காரங்க பாத்துக்குவாங்க. இல்லன்னா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி அறுப்பான்."

"வரப்ப வெட்டிட்டாருன்னு நேத்து டீக்கடையில வச்சு அவர செருப்பால அடிச்சீங்களே மாமா, அத யாருகிட்ட சொல்றது?"

இளையபெருமாள் துண்டால் முகத்தைத் துடைத்தார். "சொல்லு. நாளைக்கு உன் மவளுக்கு யாரு நிப்பாங்கன்னும் நெனச்சுக்க."

மகள் மலர்க்கொடி சுவரோரம் நின்றிருந்தாள். நேற்று அப்பாவோடு டீக்கடைக்குப் போனவள், வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

"கடேசியா என்னம்மா சொன்னாரு?" என்று கேட்டார் நல்லதம்பி.

கூட்டம் அடங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "எங்கண்ணனே அடிச்சுட்டானே" என்றுதான் அவன் சொன்னான். சிந்தாமணி சுவரோரம் நின்ற மகளைப் பார்த்தாள்.

"தலைவரு போயிட்டாரேன்னாரு."

"தியாகி உத்திராபதி!"

"வாழ்க!"

இளையபெருமாளின் குரல்தான் எல்லோரையும்விட உரக்கக் கேட்டது. பாவி, பாவி என்று சிந்தாமணி முணுமுணுத்தாள். அவரைச் சொன்னாளோ தன்னைச் சொன்னாளோ.

மலர்க்கொடி வந்து அவள் தோளில் சாய்ந்தாள்.

"நெசமாவாம்மா?"

"ம்."

"நான் பெரியப்பா அடிச்சதாலன்னு நெனச்சுட்டேன்."

மலர்க்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் நின்ற பெரியப்பாவிடம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.