பதினோரு பெயர்ப்பலகைகள்

நீதிமன்றத்தில் அவருக்கு 'மெஷின்' என்று பேர். இருபத்திரண்டு வருஷமாக நீதிபதியின் மேடைக்குக் கீழே உட்கார்ந்து, யார் அழுதாலும் யார் கத்தினாலும் தலை நிமிராமல் தட்டச்சு செய்துகொண்டிருந்ததற்காகச் சக ஊழியர்கள் வைத்த பேர். அவரை நிமிர வைத்தது ஒரு பஸ் கண்டக்டரம்மா.

வழக்கு சின்னதுதான். அந்தம்மாவின் பஸ் போகும் வழியில் பதினோரு நிறுத்தங்கள். எல்லாப் பலகையிலும் வெள்ளைக்காரத் துரைகளின் பேர். ஒரே ஒரு நாள் கூடாரம் போட்டுத் தங்கின துரைக்குக்கூட ஒரு நிறுத்தம் கிடைத்திருந்தது. நாடு விடுதலையாகி எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. கண்டக்டரம்மா லீவு நாளில் பெயிண்ட் டப்பாவோடு கிளம்பி, ஒவ்வொரு துரைக்கும் கீழே, தன் மலைச் சனங்களின் மொழியில் அந்தந்த இடத்தின் பழைய பேரை எழுதிவிட்டு வந்தார். பொதுச்சொத்தைக் கெடுத்ததாகப் புகார்.

"வாக்குமூலத்தை என் பாஷையிலதாங்கய்யா குடுப்பேன்" என்றார், கூண்டில் ஏறியதும்.

நீதிபதி கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். "எங்க பாஷையையும் நல்லாத்தானே பேசுறீங்க?"

"டிக்கெட் குடுக்க இது போதுங்கய்யா. எழுதினது எந்த பாஷையிலயோ, அதுக்குப் பதிலும் அதுலயே சொன்னாத்தானே சரியா இருக்கும்?"

அரசு வக்கீல் எழுந்தார். நீதிமன்றத்துக்கு மொழி இரண்டுதான். ஒன்று வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போனது, மற்றது விடுதலைக்குப் பிறகு சேர்த்த பெரும்பான்மையோரின் மொழி. மலைச் சனங்களின் மொழி பட்டியலிலேயே கிடையாது. "அது தெரிஞ்ச ஆள் இந்தக் கட்டடத்துலயே யாரும் இல்லீங்கய்யா" என்று முடித்தார்.

மெஷினின் விரல்கள் நின்றன.

வெள்ளைக்காரன் நடத்திய பள்ளிக்கூடத்தில் அந்த மொழி பேசியதற்காக அவருடைய தாத்தாவின் வாயில் சோப்புக்கட்டியைத் திணித்தார்களாம். இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கசப்பு வேண்டாம் என்று அப்பா குடும்பப் பேரை மாற்றிக்கொண்டு மலையிறங்கினார். விடுதலை வந்ததும் 'எல்லோரும் ஒரே சனம்' என்றார்கள். அந்த ஒரே சனத்தில் ஒருவராக இருந்துவிடுவதே நிம்மதி என்று அப்பா பழைய பேருக்குத் திரும்பவே இல்லை. அம்மா மட்டும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மகனிடம் அந்த மொழியில் பேசுவார். அம்மா போய் எட்டு வருஷமாகிறது.

மெஷின் எழுந்து நின்றார். "எனக்குத் தெரியுங்கய்யா."

பெஞ்ச் கிளார்க் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

"உங்களுக்கு எப்படி?" என்றார் நீதிபதி.

"நானும் அந்தச் சனந்தாங்கய்யா."

சொல்லி முடித்ததும் உட்காரப் போனார். ஆனால் கண்டக்டரம்மா அவரைப் பார்த்த பார்வையில், உட்கார மனம் வரவில்லை. நீதிபதி தலையசைத்தார். "சரி, அவங்க பேசுறதை நீங்களே மாத்திச் சொல்லுங்க. நீங்களே டைப்பும் பண்ணுங்க."

கண்டக்டரம்மா ஒவ்வொரு பேராகச் சொல்லச் சொல்ல, மெஷின் அர்த்தம் சொன்னார். மான் படுத்து எழுந்த புல். அக்காவும் தங்கையும் கோவித்துக்கொண்டு பிரிந்த வளைவு. இதைக் கேட்டு நீதிபதிக்கே சிரிப்பு வந்தது. பேர்கள் வெறும் பேர்களாக இல்லை. அந்த வழியில் நடந்தவர்கள் கண்டதும் கேட்டதும் அதில் இருந்தன. இத்தனையையும் இந்தம்மா ஒரு காகிதம்கூட இல்லாமல் தலைக்குள் வைத்திருக்கிறாரே என்று மெஷினுக்கு மலைப்பாக இருந்தது.

ஒன்பதாவது பேரில் மெஷின் திணறினார். "இந்த வார்த்தை எனக்குத் தெரியலைங்கய்யா. அவங்களையே கேக்கணும்."

அந்தம்மா நிறுத்தி நிதானமாக விளக்கினார். மெஷின் அதைத் திருப்பிச் சொன்னார்: "நடந்து களைச்சவனுக்குத் தண்ணிச் சத்தம் முதல்ல கேக்குற இடம். தண்ணி இன்னும் கண்ணுக்குத் தெரியாது. துரை கூடாரம் போட்டது அங்கதானாம். பக்கத்துல ஆறு இருக்குன்னு இவங்க முன்னோருங்கதான் காட்டிக் குடுத்தாங்களாம்."

அரசு வக்கீல் கையிலிருந்த காகிதக் கட்டை மேசைமேல் வைத்துவிட்டார். குறுக்கு விசாரணை செய்யவில்லை.

அனுமதியில்லாமல் எழுதியது தவறு என்று எச்சரித்து, நீதிபதி அவரை விடுவித்தார். பதினோரு பேர்களும் அர்த்தத்தோடு தீர்ப்பில் இடம்பெற வேண்டும் என்றும் சொன்னார். அரசாங்கக் காகிதத்தில் அந்தப் பேர்கள் ஏறியது அதுதான் முதல் தடவை. தீர்ப்பில் இருப்பதை அழித்தால் வம்பாகிவிடும் என்று போக்குவரத்துத் துறை பலகைகளின் பக்கமே போகவில்லை.

வெளியே வராந்தாவில் கண்டக்டரம்மா அவரை நிறுத்தினார். "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்கண்ணே. நீங்க பேசுறது அப்படியே பொம்பளைங்க பேச்சு. நம்ம பாஷையில ஆம்பளைங்க வேற மாதிரி பேசுவாங்க."

மெஷின் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அம்மாவைத் தவிர வேறு யார் பேசி அவர் கேட்டிருக்கிறார்?

மூன்று மாதம் கழித்து அந்த மொழிக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. விண்ணப்பத்தில் குடும்பப் பேர் கேட்ட இடத்தில் மெஷின் தாத்தா காலத்துப் பழைய பேரை எழுதினார். எழுதிப் பழகாத பேர், எழுத்து கோணிவிட்டது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, வேறொரு படிவம் வாங்கி, நிதானமாக எழுதினார்.