அண்ணை மூட்டிய அடுப்பு

என் அண்ணை இராசலிங்கம் செத்துப்போன அன்று, ஹம் நகரத்தில் அவருடைய வீடு வழமைபோலச் சூடாக இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பீலெஃபெல்டிலிருந்து ரயிலேறி, வழியெல்லாம் அழுதுகொண்டு வந்து கதவைத் திறந்தால், உள்ளே இதமான வெக்கை. மேசையில் அவர் தேத்தண்ணி குடித்த கோப்பை. வரவேற்பறையில் நாலு காலில் நிமிர்ந்து நிற்கும் அந்தக் கறுத்த இரும்பு அடுப்பு, ஒன்றுமே நடக்காததுபோல எரிந்துகொண்டிருந்தது.

அந்த அடுப்பைச் சொல்லாமல் அண்ணையைச் சொல்ல முடியாது. அகதியாக வந்தவர், இங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினார். சுரங்கம் தன் ஆட்களுக்குக் குளிர்காலத்துக்கென்று கரி கொடுத்தது. அதை எரிக்க வாங்கியதுதான் இந்த அடுப்பு. பிறகு சுரங்கத்தை மூடினார்கள், கரியும் நின்றது. தெருவில் எல்லா வீட்டுக்கும் குழாய்வழி சூடு தரும் ஹைசுங் வந்தது. அண்ணை மட்டும் கடையில் கரிக்கட்டி வாங்கி நிலவறையில் அடுக்கினார். இதில் பெரிய பகிடி என்னவென்றால், அவருடைய ஒரே மகன் சேயோன் ஹைசுங் பூட்டுவதற்கென்றே படித்தவன். பாதி நகரத்துக்குச் சூடு கொடுப்பவன் அவன்தான். தகப்பன் வீட்டுச் சுவரில் ஒரு துளை போட அவனுக்கு அனுமதியில்லை.

"உன்ர ஹைசுங்குக்கு முன்னால இருந்து ஆராவது கதைக்கிறவையே?" என்பார் அண்ணை. "இதுக்கு முன்னால நாலு பேர் இருக்கலாமடா."

ஐப்பசியில் ஒரு நெருப்புக்குச்சி கிழிப்பார். சித்திரை வரைக்கும் அதே நெருப்புத்தான். இரவில் நனைத்த பேப்பரில் கரிக்கட்டியைச் சுற்றி உள்ளே வைத்தால், அது விடியும்வரை மெல்லக் கனன்றுகொண்டு கிடக்கும். காலையில் சாம்பலைக் கொஞ்சமாக உதறி, அடியில் கிடக்கும் கனலின்மேல் புதுக் கட்டி வைப்பார். மனைவி கமலநாயகி கண் விழிக்கும்போது அறை சூடாகியிருக்கும். அவளும் நானும் ஊரில் ஒரே வகுப்பு. மச்சாள் ஆன பிறகும் எங்களுக்குள் வாடி போடிதான். "உனக்கென்னடி, ராசாத்தி" என்று எத்தனையோ முறை வாய்விட்டே பொறாமைப்பட்டிருக்கிறேன். எனக்கு வாய்த்தவர் அலாரம் அடித்தாலே எழும்பமாட்டார்.

அன்றும் அண்ணை அடுப்பைக் கிளறிக் கரி போட்டிருக்கிறார். வாசலில் கொட்டிய பனியை வழிக்கப் போனவர் அங்கேயே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மச்சாள் வீட்டுக்குத் திரும்பியதும், கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே போய் அடுப்பின் கதவைத் திறந்தாளாம். உள்ளே கனல் சிவந்து கிடந்ததாம். ஒரு கரிக்கட்டியை அதன்மேல் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள் என்று சேயோன் சொன்னான்.

எனக்குக் கோபம்தான் வந்தது.

"எடி மச்சாள், செத்த வீட்டில அடுப்பு எரியலாமே? எங்கட வழக்கம் மறந்துபோச்சோ?"

"அது சோறு காய்ச்சுற அடுப்புக்கு."

"எதெண்டால் என்ன, நெருப்பு நெருப்புத்தானே!"

"இல்லை, மலர். இது அவர் மூட்டினது. அவரை எரிக்கிறவரைக்கும் இது நூரக்கூடாது, அணையவே கூடாது." அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "ஊரிலயெண்டால் வீட்டு நெருப்பைத்தானே சுடலைக்குக் கொண்டு போறது?"

அவள் சொன்னது சரிதான். ஆனால் ஊரில் இன்றைக்குச் செத்தால் நாளைக்கு எரித்துவிடுவார்கள். இங்கே சாவுக்கும் டெர்மின் எடுத்து நாள் குறிக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்த டெர்மின் அடுத்த கிழமையும் தாண்டி இருந்தது. அதுவரைக்கும் அண்ணை எங்கோ ஒரு குளிரறையில் கிடந்தார். குளிரென்றால் கம்பளித் தொப்பியோடு படுக்கிற மனுசன்.

மச்சாள் அடுப்பைக் காவல் காத்தாள். முன்பின் அதைத் தொட்டுப் பழக்கமில்லாதவள். விரல்களைச் சுட்டுக்கொண்டாள், முகமெல்லாம் கரி பூசிக்கொண்டாள். நெருப்பு அணைந்துவிடுமோ என்ற பயத்தில் கட்டிமேல் கட்டியாக அடுக்கினாள். சோறு கறி கொண்டுவந்த சனம் கோட்டைக் கழற்றி, சுவெற்றரைக் கழற்றி, துக்கம் விசாரிக்க வந்த இடத்தில் வேர்த்து வழிந்தது. பக்கத்துத் தெரு முருகேசு அண்ணை, அடுப்பு எரியக்கூடாது என்று சொல்லத்தான் வந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயம். அடுப்பு சூடாக இருக்கும்வரை அவர் வீட்டுக்குள் எங்கோ நடமாடுகிறார் என்பதுபோல இருந்தாள்.

எரிக்கும் இடத்துக்கு வீட்டு நெருப்பைக் கொண்டுவரலாமா என்று செத்தவீட்டு அலுவல் பார்க்கிறவரிடம் சேயோனைக் கேட்கச் சொன்னாள். அவன் தொலைபேசியை வைத்துவிட்டுத் தலையை ஆட்டினான். "ஏலாதாம் அம்மா. அங்க ஒரு பட்டன் இருக்காம். நான் அதை அமத்தலாமாம். அவ்வளவுதான்."

"நெருப்பு வேண்டாம். நூத்த கரித்துண்டு ஒண்டு பெட்டிக்குள்ள வைக்கலாமோ எண்டு கேள்."

ஒரு சின்னத் துண்டென்றால் வைக்கலாம் என்று பதில் வந்தது. அன்று தொடக்கம் அவளுக்கு ஒரே நினைப்பு. எரிக்கும் நாள் காலையில், அவர் மூட்டிய இந்த நெருப்பிலிருந்து பாதி எரிந்த கட்டி ஒன்றை எடுத்து, தண்ணீர் விட்டு அணைத்து, அவர் கையடியில் வைக்க வேண்டும். அங்கே போனதும் அது திரும்பப் பற்றிக்கொள்ளும். அதற்கு இந்த நெருப்பு அதுவரை உயிரோடு இருக்க வேண்டும்.

எரிப்பதற்கு முதல் நாள் மாலையில் அவளால் நிற்கவே முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவளைச் சேயோன் தாங்கிக் கொண்டுபோய்க் கட்டிலில் விட்டான். "இண்டைக்கு நான் பாக்கிறன். நீங்கள் படுங்கோ அம்மா." அவள் மறுத்துப் பார்த்தாள், உடம்பு கேட்கவில்லை.

விடிய என்னை எழுப்பியது குளிர்தான். அந்த வீட்டில் நான் கண்டிராத குளிர். வரவேற்பறைக்கு ஓடிப்போனேன். அடுப்பின் முன் சேயோன் முழங்காலில் இருந்தான். சுற்றிவர எரிந்த நெருப்புக்குச்சிகள். அறை முழுக்கப் புகை.

"அம்மாவுக்கு வேலை வைக்கக் கூடாதெண்டு சாம்பல் எல்லாத்தையும் வழிச்சு அள்ளி வெளியில கொட்டினன், மாமி. புதுக் கட்டிதான் வச்சன். பிடிக்கேல்லை."

வேலைத்தளத்தில் பழகிய சுத்தம். சாம்பலுக்குள்தான் கனல் படுத்திருக்கும் என்று அவனுக்கு யார் சொன்னது? தகப்பனிடம் அவன் அதைக் கேட்டதுமில்லை, அவர் காட்டியதுமில்லை. இரண்டு பேரும் இந்த அடுப்பை வைத்துச் சண்டைதான் பிடித்தார்கள். பனியில் கொட்டிய சாம்பலை வெறுங்கையால் கிளறிப் பார்த்திருக்கிறான். கையெல்லாம் ஈரச் சேறு. வாய் நிறையத் திட்டு வந்தது எனக்கு. அவன் நிமிர்ந்தபோது அண்ணையின் அதே தாடை. திட்டை அப்படியே விழுங்கிக்கொண்டேன்.

"அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ. எப்பிடியும் மூட்டிவிடுறன். நெருப்பு நெருப்புத்தானே, மாமி?"

நான் சொன்ன அதே வார்த்தை. பதில் சொல்ல வாயெடுத்தால், மச்சாள் அறை வாசலில் நிற்கிறாள்.

வெறுங்காலோடு வந்து இரும்பின்மேல் உள்ளங்கையை வைத்தாள். இத்தனை நாளும் தொட்டால் சுட்ட இரும்பு. கையை எடுக்கவே இல்லை.

"நூந்துபோச்சே?"

சேயோன் கையிலிருந்த நெருப்புப்பெட்டியைக் கீழே வைத்தான்.

"போயிட்டீங்களோ?" என்று அடுப்பைக் கேட்டாள். "இப்பதான் என்னை விட்டிட்டுப் போனீங்களோ?"

அப்படியே தரையில் இருந்து அழத் தொடங்கினாள். அத்தனை நாள் அழுகையும் ஒன்றாக வந்தது. நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவள் புருசனுக்கு அழுதாள், நான் என் அண்ணைக்கு அழுதேன். சேயோன் நடுவில் கரிக்கையோடு நின்று சின்னப் பிள்ளைபோலத் தேம்பினான்.

அவனை ஒரு சொல் ஏசவில்லை. அழுது ஓய்ந்ததும், "மூட்டு மோனை" என்றாள். "கொள்ளி வைக்கிற பிள்ளை நீதானே."

மரப் பழப்பெட்டி ஒன்றை உடைத்து அவன் மூட்டினான். ஒருவழியாகப் பற்றியது. பாதி எரிந்த துண்டொன்றை அவள் இடுக்கியால் எடுத்துத் தண்ணீருக்குள் விட்டாள். சுர்ரென்றது. வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டு போய் அண்ணையின் கைக்குக் கீழே வைத்தாள். பெட்டி உள்ளே போனது. சேயோன் பட்டனை அமத்தினான். நாங்கள் நெருப்பைக் காணவில்லை. ஒரு கதவு மூடியதை மட்டும் கண்டோம்.

வீட்டுக்கு வந்தபோது யாரும் கரி போடாத அடுப்பு அணைந்திருந்தது. கோட்டுகளோடேயே உட்கார்ந்தோம். சேயோன் நெருப்புப்பெட்டியை எடுத்துக்கொண்டு அடுப்புக்கு முன் குனிந்தான்.

"வேண்டாம்" என்றாள் மச்சாள். "நாளைக்கு உன்ர ஹைசுங்கைக் கொண்டுவந்து பூட்டு."

எத்தனை வருசமாக அந்த வார்த்தைக்குச் சண்டை பிடித்தவன். கன்னத்தில் அறைந்ததுபோலத் திரும்பிப் பார்த்தான். "இல்லை அம்மா. நான் பழகுறன். ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போக முதல் வந்து மூட்டித் தாறன்."

"அவர் எழும்பி மூட்டுவாரெண்டுதான் நான் நிம்மதியாப் படுத்தனான். அது இனி வராது, ராசா." கைகளைக் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். "பூட்டிவிடு. எனக்குக் குளிருது."

அண்ணையைக் கட்டி இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து, அவள் வாயால் குளிருது என்ற சொல்லை நான் கேட்டது அன்றைக்குத்தான்.