மாப்பிள்ளைக்குப் பனிக்கட்டி

தையற்காரர் எவருக்கும் தீங்கு நினைத்தவர் அல்லர். அன்று அவர் மீன் ஜாடியில் பனிக்கட்டி போட்டதும் இரக்கத்தினால்தான்.

அவருடைய மனைவிக்கு மீன் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. விரல் நீள மீன்களை நீரில் விட்டு, அந்நீரை மெல்ல மெல்லச் சூடேற்றுவார்கள். எந்தச் சூட்டில் மீன் நிலைதடுமாறிச் சாய்கிறதோ, அதுவே அதன் எல்லை. சாய்ந்த மீனை உடனே அள்ளிப் பழகிய நீரில் விடுவது அவள் பொறுப்பு. ஒருமுறை சாய்ந்ததை மறுமுறை சோதிப்பதில்லை. அப்படி ஓய்வு பெற்ற ஒன்றை மேலதிகாரியிடம் மன்றாடி வாங்கி வந்திருந்தாள்.

"எத்தனையோ மீனைச் சாய வச்சிருக்கேன். ஒண்ணையாவது நல்லா வாழ வைக்கறேனே" என்றாள்.

வந்த நாள்முதல் உட்கார்ந்த இடத்திலேயே உபசாரம் பெற்ற அதற்குத் தையற்காரர் 'மாப்பிள்ளை' என்று பெயரிட்டார்.

அன்று நண்பகலில் வெயில் மண்டையைப் பிளந்தது. "நீ பட்ட சூடு போதும், மாப்பிள்ளை" என்று சொல்லி, கை நிறையப் பனிக்கட்டியை ஜாடியில் போட்டார். ஒரு சட்டைக்குக் கழுத்துப்பட்டி தைக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தபோது மீன் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. செவுள் அசைந்ததா என்பதே ஐயம். வாசலில் மனைவியின் செருப்போசை கேட்டது.

"என்னங்க பண்ணீங்க?"

"வேர்க்குமேன்னு..."

"மீனுக்கா?"

அவள் பனிக்கட்டிகளை அள்ளி எறிந்தாள். அவர் வெந்நீர் வைக்க ஓடினார்.

"அடுப்பைத் தொடாதீங்க! வெதுவெதுப்பான தண்ணியிலயே பழகினது. அதான் குளிர் தாங்கல. இப்பத் திடீர்னு சூடு பட்டா அதுவும் தாங்காது. உக்காந்து ஜாடியைப் பிடிங்க."

மடியில் ஜாடியை வைத்து இரு கைகளாலும் அணைத்தார். அவர் கைகளின்மேல் அவள் தன் கைகளை வைத்தாள்.

"இந்தக் கையாலதானே கொன்னுட்டேன்."

"வாயைக் கழுவுங்க. சூடு வச்சுச் சாய்க்கறவ நான். என்னை நீங்க ஒருநாளாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கீங்களா? உங்களை எந்த வாயால திட்டறது?"

அவர் குனிந்துகொண்டார். குளிரில் விரல்கள் மரத்தன; எடுக்கவில்லை. கண்ணாடியின் சில்லிப்பு சிறிது சிறிதாகக் குறைந்தது.

வாசலில் ஒரு குரல்: "டெய்லரே! சட்டை ரெடியா?"

சொன்ன நேரம் தவறாதவர் என்று பெயரெடுத்த தையற்காரர், இருந்த இடத்திலிருந்தே கத்தினார்: "நாளைக்கு வாங்க! மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்ல!"

"மாப்பிள்ளையா? கல்யாணத்துக்கு ஒரு வார்த்தை சொல்லலையேய்யா!"

மனைவி சிரிப்பை அடக்கமாட்டாமல் அவர் தோளில் முகம் புதைத்தாள். ஜாடி குலுங்கியது. அடியில் கிடந்த மீன் வாலை ஒருமுறை சொடுக்கியது, புரண்டது, பிறகு, கோபித்துக்கொண்ட மாப்பிள்ளையைப் போலவே, இருவருக்கும் முதுகைக் காட்டி நிமிர்ந்து நின்றது.

"கையை எடுக்கட்டுமா?" என்று கேட்டார் தையற்காரர்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுங்க" என்றாள்.