சுவர் கெட்டியாகும் வரை

அண்ணன் பேருந்து ஓட்டுநர். அவன் சிரித்தால் கடைசி இருக்கைவரை கேட்கும் என்பதால், பணிமனையில் எல்லோருக்கும் அவன் 'ஹாரன்'. அந்த ஹாரன் ஓய்ந்துபோய் என் வீட்டில் படுத்திருந்த வாரங்களை நினைத்தால் இன்றும் மனம் இளகிவிடுகிறது.

பித்தப்பைக் கல்லால் அவனுக்குக் கணையம் வீங்கி, மருத்துவமனையில் கிடந்து தேறினான். வீடு திரும்பியும் நாலு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை, குமட்டியது. மேல்வயிறு உப்பிக்கொண்டே வந்தது. மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள்.

"கணையத்துலேருந்து கசிஞ்ச நீர் இரைப்பைக்குப் பின்னாடி தேங்கி, இரைப்பையை அமுக்குது" என்றார் டாக்டரம்மா.

"இப்பவே எடுத்துட முடியாதா?" என்றேன்.

"அதைச் சுத்தி இருக்குற சுவர் இன்னும் மெல்லிசா இருக்கும்மா. கெட்டியாகட்டும். அப்புறம் வாய் வழியா குழாய் விட்டு, இரைப்பைக்குள்ளயே வடியவிட்டுடலாம். நடுவுல காய்ச்சல் வந்தா உடனே கூட்டிட்டு வாங்க."

அண்ணன் தனிக்கட்டை. என் தையல் அறையிலேயே கட்டில் போட்டேன்.

"வயித்துக்குள்ள வீடு கட்டுறாங்க. பூச்சு காயணுமாம்" என்று, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னான்.

என் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் அப்படி உட்கார்ந்து பேசியதே இல்லை. நான் தைப்பேன், அவன் கஞ்சியை வாய் வாயாகக் குடித்தபடி பேசுவான். சின்ன வயதில் என்னைச் சைக்கிள் கம்பியில் உட்காரவைத்து, இலையைக் கிழித்து டிக்கெட் கொடுத்ததை நடித்துக்காட்டினான். சிரித்தால் வயிறு வலிக்கும், ஆனாலும் சிரித்தான்.

ஒரு மத்தியானம் திடீரென்று கேட்டான். "அம்மா கடைசியா என்ன சொன்னாங்க?"

அம்மா இறந்தபோது அவன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். இத்தனை வருடம் அவன் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை.

"ரேடியோவைக் குறைக்கச் சொன்னாங்க. உன் பஸ் வர்ற சத்தம் கேக்குதான்னு பாக்கணுமாம்."

அண்ணன் அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டான். சுவரைப் பார்த்தபடியே, "கேட்டுச்சா?" என்றான்.

"ஏதோ ஒரு பஸ் போச்சு. அம்மா சிரிச்சாங்க."

சில வாரங்களில் சுவர் தடித்துவிட்டது. டாக்டரம்மா குழாய் விட்டு, இரைப்பையிலிருந்து அந்தத் தேக்கத்துக்கு வழி திறந்து, அடைபடாமலிருக்கச் சின்னக் குழல் ஒன்றைப் பொருத்தினார். நீர் வடிய வடிய வயிறு அமுங்கியது. சாப்பிடலாம் என்று சொன்ன அன்றே, "பசிக்குதுடி" என்றான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகு குழலை எடுத்தார்கள், பித்தப்பையையும் எடுத்தார்கள்.

இப்போது தூரத்து வழித்தடத்தில் ஓட்டுகிறான். ஃபோன் செய்தால், "நல்லா இருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறான். நல்லா இருப்பவனை வந்து படுத்துக்கொள் என்று எப்படிக் கூப்பிடுவது?