பொய்ச் சிக்னலும் படகுக்காரத் தம்பியும்

இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள் கண்ணுகளா, கால் வலித்தால் நீட்டிக்கொள்ளுங்கள். கதை ஒன்று தருகிறேன், முழுசாக வெந்துவிட்டதா என்று எனக்கே தெரியாது. பல் மருத்துவமனை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னை, விமான ஓடுபாதையில் நிற்பதாகப் போன் காட்டியது. செயற்கைக்கோள் பேசுவதுபோலவே யாரோ பொய்ச் சிக்னல் அனுப்புகிறார்களாம். அங்கே பிறந்தது இது.

1

கடல் அன்று ஒரு வெள்ளைப் போர்வையை... (வேண்டாம். மூடுபனி. அது போதும்.)

தம்பி பயணிகள் படகு ஓட்டுகிறான். அக்காவுக்குத் துறைமுகத்தில் சிக்னல்களைச் சோதிக்கும் வேலை. படகு நிறைய ஆட்கள், இரண்டு பக்கமும் பாறை. ஆழமான தடத்தின் நடுவே போகிறாய் என்கிறது படகின் வழிகாட்டித் திரை.

2

"டேய், திரைய நம்பாத" என்றாள் அக்கா போனில்.

"இங்க எல்லாம் சரியாத்தான்க்கா காட்டுது."

"எங்க கட்டடமே கடலுக்குள்ள நடந்து போறதா இங்க காட்டுது. நாங்க என்ன நீந்திட்டா இருக்கோம்? கோளுங்க சிக்னல் காட்டுற கைக்கருவிய எடுத்துக்கிட்டு மேல்தட்டுக்குப் போ. நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சு மெதுவா ஒரு சுத்து சுத்து.*"

"ஆளுங்க பாக்குறாங்கக்கா. டான்ஸ் ஆடுறான்னு சொல்வாங்க."

"ஆடு. உயிரோட இருந்து சிரிக்கட்டும்."

(முதல் பிரதியில் அக்காவை அழவைத்திருந்தேன். கையில் வேலை இருப்பவளுக்கு அழ ஏது நேரம்? அடித்துவிட்டேன்.)

* நிஜச் செயற்கைக்கோள்கள் வானமெங்கும் சிதறிக் கிடப்பவை. உடம்பு மறைக்கும் பக்கத்தில் இருப்பவை மட்டும் மங்கும். பொய்க்காரனோ ஒரே இடத்தில் இருந்துகொண்டு அத்தனை கோளாகவும் பேசுகிறான். அவனுக்கு முதுகைக் காட்டினால் எல்லாம் சேர்ந்து மங்கும்.

3

தம்பி சுற்றினான். கரைக்கு முதுகு திரும்பியதும் கைக்கருவியில் சிக்னல் பலம் காட்டும் எல்லாக் கோடுகளும் ஒன்றாகப் படுத்துவிட்டன.

"அக்கா... மொத்தமா விழுந்துருச்சு."

"எஞ்சின நிறுத்து. நங்கூரத்தப் போடு. ஹாரன அடிச்சுக்கிட்டே இரு."

போட்டான். "எங்க ஆபீசுக்கு நீயாப்பா பதில் சொல்லுவ?" என்றார் பயணி ஒருவர். "நாளைக்கும் ஆபீஸ் இருக்கும் சார், உக்காருங்க" என்றான்.

4

பனி விலகியதும் பாறை எங்கே நின்றது? ஒரு முடிவில், கை நீட்டினால் தொடும் தூரத்தில். இன்னொன்றில் கண்ணுக்கெட்டியவரை வெறும் தண்ணீர். பயணிகள் திட்டிக்கொண்டே இறங்கிப் போகிறார்கள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். எதையும் அடிக்க மனம் வரவில்லை, இரண்டிலும் எல்லாரும் உயிரோடு இறங்கிவிடுகிறார்களே. பிடித்ததை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதை எடுத்தால் தம்பியின் பெண்டாட்டி காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டிலிருந்து கிளம்பிப் போனவர்கள், நேரமானாலும், முணுமுணுத்துக்கொண்டாவது, வந்து சேரட்டும். அவர்கள் பங்குச் சாப்பாடு ஆறாமல் இருக்கட்டும்.