ஒரே தளபதிக்கு இரண்டு சம்பந்தி

பூட்டு ரிப்பேர்காரருக்கு வருங்காலச் சம்பந்தியைக் கண்டாலே ஓடி ஒளியத் தோன்றும். மனுஷன் வாயைத் திறந்தால் பரம்பரைதான். பூட்டுக்காரருக்கோ தன் அப்பாவுக்கு மேலே ஒருத்தர் பெயரும் தெரியாது. அந்த அப்பாவும் கிடங்கில் மூட்டை தூக்கியவர். அதை எந்த முகத்தோடு சொல்லுவது? ஒரே மகள், அவளே ஆசைப்பட்ட பையன், இதனால் கல்யாணம் நின்றுபோகுமோ என்று செத்துச் செத்துப் பிழைத்தார்.

அந்த நேரம் பார்த்துப் போனில் ஒரு விளம்பரம்: உங்கள் வம்சத்தைக் கண்டுபிடித்துத் தருகிறோம். அதிலிருந்த எண்ணுக்குக் கூப்பிட்டார்; பேசிய பெண்ணின் குரலில் தேன் ஒழுகியது. கேட்டது அப்பாவின் பெயரும் பணமும் மட்டும். பத்தே நாளில் கண்ணாடிச் சட்டம் போட்ட வம்ச வரைபடம் வந்து இறங்கியது. உச்சியில் மீசையும் வாளுமாக ஒரு படைத்தளபதி! கிளை கிளையாக இறங்கி வந்ததில், மூட்டை தூக்கிய அப்பா 'சரக்கு மேலாளர்' ஆகியிருந்தார். பூட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு நம்பி, கூடத்தில் மாட்டினார்.

தேதி குறிக்க வந்த சம்பந்தி சட்டத்தைப் பார்த்ததும் பேயறைந்த மாதிரி நின்றுவிட்டார். அவர் மனைவிதான் போட்டு உடைத்தாள். போன மாதம் அவர்களும் ஒன்று வாங்கினார்களாம். அதே தளபதி, அதே மீசை.

யாரும் சிரிக்கவில்லை. சம்பந்தி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஒரே தளபதியின் வழி என்றால் இரண்டு பேரும் பங்காளிகள். பங்காளிகளின் பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை. அப்புறம் கல்யாணம் எங்கே? இரண்டில் ஒன்று பொய் என்று யாராவது ஒப்புக்கொண்டால் தீர்ந்தது. ஆனால் சம்பந்தி தளபதியை விடுகிற வழியாக இல்லை. தேநீர்த் தட்டோடு நின்ற மகள், முகம் வெளுத்துப்போய் அப்பாவையே பார்த்தாள்.

பூட்டுக்காரர் நாற்காலியில் ஏறிச் சட்டத்தைக் கழற்றினார். அவமானம் பிடுங்கித் தின்றது.

"இது பொய்ங்க. காசு குடுத்து ஏமாந்துட்டேன். எங்கப்பா மூட்டை தூக்கினவரு."

சம்பந்திக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. எழுந்து வந்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"விடுங்க சம்பந்தி, மனசுல வச்சுக்காதீங்க. எல்லாருக்கும் தளபதி வாய்க்குமா? நல்லவேளை, எங்களோடது ஒரிஜினல்னு இன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு."

பூட்டுக்காரருக்கு நாக்கு துடித்தது. மகள் முகத்தைப் பார்த்தார். ஆமாம், பார்த்தாலே தெரிகிறது என்று பவ்யமாகத் தலையாட்டினார்.