பட்டியல் வெறுமையாக வந்தால்

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: என் தங்கை வெட்டியெறிந்த ஒரு வரியிலிருந்து பொறுக்கியது. "அண்ணா, இதைப் போய்க் கதையா எழுதிடாதே" என்று போனில் கெஞ்சினாள். எழுதாமல் இருப்பேனா? கை பரபரக்கிறதே!

முதல் தொடக்கம்: மருத்துவமனையின் நீண்ட தாழ்வாரத்தில் மாலை வெயில் சாய்ந்து—

[சீ, வேண்டாம். கதை நடக்கும் இடம் மருத்துவமனையின் அடித்தளம். அங்கே ஜன்னலே கிடையாது.]

2

அவள் மென்பொருள் கருவிகளுக்குக் கையேடு எழுதுகிறவள். இந்த முறை ஒரு வழிதேடும் கருவி. மருத்துவமனையின் அறைகளெல்லாம் புள்ளிகள், அவற்றை இணைக்கும் தாழ்வாரங்கள் கோடுகள். இங்கிருந்து அங்கே எப்படிப் போவது என்று கேட்டால், கடக்க வேண்டிய புள்ளிகளை வரிசையாகப் பட்டியல் போட்டுத் தரும். கேட்பது மனிதர்கள் அல்ல, மருந்து வண்டிகளை ஆளில்லாமல் ஓட்டும் செயற்கை அறிவு நிரல்கள், அதாவது ஏஐ ஏஜென்ட்டுகள். கையேட்டை வாசிக்கப்போவதும் அவைதாம்.*

* கேட்டதும் எனக்குப் பொறாமை. ஒரு சொல் விடாமல் வாசிக்கிற வாசகராம்! எனக்கு அப்படி ஒருவர்கூட வாய்த்ததில்லை. (உங்களைச் சொல்லவில்லை.)

3

கருவியைச் செய்த பொறியாளரை எல்லாரும் 'கண்ணாடி' என்பார்கள். அவர் இரண்டு வரி எழுதிக் கொடுத்திருந்தார். பட்டியல் வெறுமையாக வந்தால், சேர வேண்டிய இடத்தில் ஏற்கெனவே நிற்கிறாய் என்று பொருள். வழியே இல்லாவிட்டாலும் வெறுமையாகத்தான் வரும், அதனால் வழி உண்டா இல்லையா என்று கூடவே வரும் நிலைக்குறிப்பையும் பார்.

என் தங்கைக்கு நீட்டி முழக்கினால் பிடிக்காது. இரண்டாவது வரியை அடித்துவிட்டாள். எதிரே கதவு பூட்டியிருந்தால் கண்ணுக்குத் தெரியாதா என்ன?

மனிதனுக்குத் தெரியும். ஏஜென்ட்டுக்குக் கையேட்டில் இருப்பதுதான் தெரியும். நேற்றைய ஒத்திகையில் மருந்து வண்டி பூட்டிய கதவின் முன் நின்று வழி கேட்டது; பட்டியல் வெறுமையாக வரவே, "வந்து சேர்ந்தேன்" என்று அறிவித்துவிட்டு ஹாயாக இருந்தது. மேல்மாடியில் நர்ஸ் நாற்பது நிமிடம் காத்திருந்தார். நல்லவேளை, பெட்டிக்குள் வெறும் தண்ணீர் பாட்டில்.

4

இன்று காலை அவள் அந்த வரியைத் திரும்பச் சேர்த்தாள். வண்டி அதே கதவின் முன் நின்றது. "வழி இல்லை. ஏழாம் கதவு பூட்டியிருக்கிறது. யாராவது திறந்துவிடுங்கள்."

"அண்ணா! நான் எழுதினதை அப்படியே கேட்டுச்சுண்ணா!" அவள் போட்ட சத்தத்தில் என் காது அடைத்தது. நானும் நாற்காலியை விட்டு எழுந்து ஒரு ஆட்டம் போட்டேன். இப்படி ஒரு சந்தோஷம் என் கதை எதுவும் எனக்குத் தந்ததில்லை!

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் அவள் குரல் இறங்கியது.

"கண்ணாடி, தப்பு தன் புரோகிராம்லதான்னு மேல எழுதி அனுப்பிட்டாரு. நான் வரியை வெட்டினது அவருக்குத் தெரியாது. நாலு மணி மீட்டிங்ல அவரை வேலைல வச்சுக்கறதா வேண்டாமான்னு பேசறாங்க."

"நீ போய்ச் சொல்லிடேன்."

"சொன்னா அடுத்து என்னைப் பத்திப் பேசுவாங்க. உனக்கென்ன, உட்கார்ந்த இடத்துல எழுதிட்டுப் போயிடுவே."

சுருக்கென்றது.

5

முடிவுகள்.

அ) அவள் எழுந்து சொல்கிறாள். மேலாளர் கைதட்டுகிறார். [சினிமா. நீக்கு.]

ஆ) அவள் சொல்லவில்லை. கண்ணாடி மேசையைக் காலி செய்துகொண்டே, "கையேடு ரொம்ப நல்லா வந்திருக்கும்மா" என்கிறார். [இதை அவளிடம் காட்ட முடியாது. நீக்கு.]

இப்போது மணி மூன்று ஐம்பத்தெட்டு. அவளிடமிருந்து ஒரு செய்தி: "மீட்டிங் ரூம் வாசல்ல நிக்கறேன். உள்ள ஆரம்பிச்சிட்டாங்க. கதவு சாத்தியிருக்கு."

"தட்டு" என்று அனுப்பினேன்.

மூன்றாவது முடிவைக் கீழே காலியாக விட்டிருக்கிறேன். காலியாக இருக்கிறதே, கதை வந்து சேர்ந்துவிட்டது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கதவு இன்னும் சாத்தியேதான் இருக்கிறது. அவள் இடத்தில் நீங்கள் நின்றால் என்ன செய்வீர்களோ, அதை எழுதுங்கள்.

இ)